பழைய ஸ்நேர் டிரம்முக்கு மாற்று உறுப்புகள்: தேடுதலும் செய்தலும்

பள்ளி வாத்தியக் குழுவின் அணிவகுப்பிலும், சாரணர் படையின் நடையிலும், திருமண வீட்டு இன்னிசை நிகழ்ச்சியிலும் படபடவென்று பொரிவதுபோல் ஒலிக்கும் சிறு முரசை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அதனைச் சிலர் சைட் டிரம் என்பர். ஸ்நேர் டிரம் என்பது இன்று பரவலாக வழங்கும் பெயர். அடித்தோலின்மீது படிந்து கிடக்கும் சுருள் கம்பிகள் தோலோடு சேர்ந்து அதிர்வதனாலேயே அந்தப் பொரியும் ஓசை பிறக்கிறது.

முப்பது, நாற்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்ட இத்தகைய முரசுகள் பள்ளிச் சாமான் அறைகளிலும் மன்றங்களின் அலமாரிகளிலும் பயனற்றுக் கிடப்பதுண்டு. எடுத்துப் பார்த்தால் உடல் பழுதின்றி இருக்கும். ஒரு திருகாணி இராது, அல்லது கம்பியை இழுத்துப் பிடிக்கும் நெம்புகோல் முறிந்திருக்கும். அந்த ஒன்றுக்காக முரசு முழுவதையும் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். இது வருந்தத்தக்கது. இன்று மலிவாகக் கிடைக்கும் புது முரசு பலவற்றைவிட, அந்தப் பழைய பித்தளை உடலின் நாதம் மேலானதாக இருத்தல் கூடும். தோட்டத்துப் பட்டறையில் மரை வெட்டத் தெரிந்த ஒரு பிட்டர் இருந்தால், அதனை மீண்டும் ஒலிக்கச் செய்வது அரிய செயலன்று. அந்த வழிமுறையையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

உறுப்புகள் ஏன் கிடைப்பதில்லை?

முரசு செய்த நிறுவனங்கள் பல கைமாறின, சில மறைந்தன. அமெரிக்காவின் லட்விக் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சிகாகோ நகரில் 1909ஆம் ஆண்டில் லட்விக் சகோதரர் இருவர் அதனைத் தொடங்கினர். இருபது ஆண்டுகளில் அது கான் என்னும் பெரிய வாத்திய நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. மூத்தவரான வில்லியம் லட்விக் 1937இல் வேறொரு தொழிற்சாலை தொடங்கியபோது, தம் சொந்தப் பெயரைச் சூட்ட இயலாமல், டபிள்யூ.எஃப்.எல். என்ற எழுத்துகளையே பொறிக்க வேண்டியதாயிற்று. 1955இல்தான் அப்பெயர் அவர் கைக்கு மீண்டது. 1981இல் அந்நிறுவனம் செல்மர் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஆகவே ஒரே பெயர் பொறித்த இரண்டு முரசுகளின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று எண்ணுவதற்கில்லை.

பிரிட்டனில் 1922இல் தொடங்கப்பெற்ற பிரிமியர் நிறுவனத்தின் முரசுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 1960களின் பிற்பகுதி வரை அவற்றின் உடல், இன்றைய பொது அளவைவிடச் சற்றே பருத்திருந்தது. பதினான்கு அங்குலம் என்று எழுதியிருக்கும்; ஆனால் கடையில் வாங்கிய பதினான்கு அங்குலத் தோலின் வளையம் அதன்மேல் இறங்காது. இதனை அறியாதவர் உடலின் விளிம்பை அரத்தால் தேய்த்து முரசையே கெடுத்துவிடுவதுண்டு. தோல் இறங்கவில்லையென்றால் உடலில் கை வைத்தலாகாது. அந்தப் பழைய அளவுக்கென்றே தனியாகச் செய்யப்படும் தோலைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் அளத்தல்

மாற்று உறுப்பைத் தேடப் புறப்படுமுன் ஒரு வெர்னியர் அளவுகோலையும், பட்டறையிலுள்ள மரை அளவியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். உடலின் வெளிவிட்டம், உயரம், வளையத்திலுள்ள துவாரங்களின் எண்ணிக்கை, லக் எனப்படும் தாங்கியின் இரு ஆணித் துவாரங்களுக்கிடையே உள்ள தூரம் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்க. தூரம் என்பது ஒரு துவாரத்தின் நடுவிலிருந்து மறு துவாரத்தின் நடு வரையாகும். உறுப்பின் அருகே அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பினால், பழைய உறுப்புகளை விற்போர் விரைவில் பதில் தருவர். "பழைய முரசுக்கு ஒரு லக் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பொருந்தாத ஒன்றுதான் வந்து சேரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மரை. இங்கே நாம் சற்று நின்று விளக்கவேண்டியுள்ளது. முரசுகள் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்திலேதான்.

தோலை இறுக்கும் நீண்ட திருகாணிக்கு அமெரிக்க நிறுவனங்கள் கைக்கொண்ட மரை 12-24 எனப்படும். 12 என்பது ஆணியின் பருமனைக் குறிக்கும் எண். அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 5.49 மி.மீ. ஓர் அங்குல நீளத்தில் 24 மரைகள் உண்டு. ஆகவே ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.058 மி.மீ. ஜப்பானியத் தயாரிப்புகள் பலவற்றில் 7/32 அங்குல ஆணி, அதே 24 மரைகளோடு வருகிறது. அதன் விட்டம் 5.56 மி.மீ. வேறுபாடு மயிரிழையளவே, ஆதலால் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். சற்று இறுக்கமாக இருப்பின், டேப்பை ஒருமுறை எண்ணெயிட்டு ஓட்டினால் போதும்.

ஜெர்மனியின் சோனோர் போன்ற ஐரோப்பியத் தயாரிப்புகளில் எம் 6 மரையைக் காணலாம். இதன் இடைவெளி 1 மி.மீ. அமெரிக்க ஆணியை எம் 6 நட்டில் வைத்தால் உள்ளே போகும். இரண்டு மூன்று சுற்று பிடிப்பதுபோலவும் காட்டும். ஆனால் விட்டம் சிறியது, இடைவெளியும் வேறு. தோலை இறுக்க இறுக்க மரைகள் ஒன்றையொன்று அரைத்துத் தின்றுவிடும். எம் 6 ஆணியை அமெரிக்க நட்டில் நுழைக்க முயல்பவர், இடுக்கியால் திருகித் திருகி நட்டையே பிளந்துவிடுவார். விரலால் ஐந்து சுற்றுத் திருகும்போது தடையின்றி ஓடாத ஆணியை அந்த இடத்துக்கு உரியதன்று என்று ஒதுக்கிவிட வேண்டும்.

பிரிட்டனின் பழைய சாமான்களில் விட்வொர்த் மரையையும், சிறு திருகுகளில் பி.ஏ. மரையையும் எதிர்பார்க்கலாம். 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையும் அமெரிக்க மரையும் 60 பாகை. பி.ஏ. மரையோ 47½ பாகை. பூச்சிய எண் பி.ஏ. ஆணி ஒன்று விட்டம் 6 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. என்றிருப்பதால் எம் 6 என்றே தோன்றும். அளவியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், பற்களின் சரிவு பொருந்தாமையால் இடையே ஒளி கசிவது தெரியும். தோட்டத்து இயந்திரங்களோடு பழகிய நம் பிட்டர்களுக்கு இவ்வேறுபாடு புதிதாக இராது. வெளியார் கடைகளில் காணக் கிடைக்காத பழைய விட்வொர்த் டேப்புகள் சில தோட்டப் பட்டறைகளின் மூலையில் இன்னும் இருத்தல் கூடும். அவற்றைத் துருப்பிடிக்க விடலாகாது.

எளிதாகச் செய்யக்கூடியவை

நீண்ட திருகாணி இன்றும் எளிதில் விலைக்குக் கிடைப்பது. தேவையான நீளத்தில் இல்லையாயின், நீளமானதை வாங்கிக் குறைத்துக்கொள்ளலாம். வெட்டுவதற்கு முன் அதில் ஒரு நட்டை ஏற்றி உட்பக்கமாகத் தள்ளிவைக்க வேண்டும். பிறகு வெட்டி, நுனியை அரத்தால் சாய்வாகத் தேய்த்து, நட்டை மெல்லக் கழற்றினால், அது வெளியேறும்போதே நசுங்கிய முதல் மரையைச் சீர்படுத்திவிடும். ஆணி நட்டுக்குள் குறைந்தது தன் விட்டத்தின் அளவாவது இறங்கியிருக்க வேண்டும். லக்கின் அடியில் முட்டவும் கூடாது.

லக்கினுள் இருக்கும் பித்தளை நட்டுத்தான் தேய்ந்துபோயிற்று என்றால் அதைக் கடைசல் பட்டறையில் செய்யலாம். பித்தளைக் கம்பியைப் பழைய நட்டின் வடிவத்துக்குக் கடைந்து, 4.5 மி.மீ. துளையிட்டு, 12-24 டேப்பை ஓட்ட வேண்டும். புது நட்டு லக்கினுள் சற்றே ஆடும்படி இருத்தல் நலம். அசையாமல் இறுகிய நட்டு, ஆணி சிறிது சாய்ந்து வந்தாலும் அதற்கு இடங்கொடாது.

பழைய லக்குகளில் அந்த நட்டைத் தாங்கி நிற்பதற்காக ஒரு சிறு சுருள்வில் இருக்கும். முரசை அடிக்கும்போது எங்கிருந்தோ ஒரு ரீங்காரம் எழுந்து தொல்லை கொடுத்தால், பலர் அடிக்கம்பியைக் குறை கூறுவர். அடிக்கம்பியைத் தளர்த்திய பின்னும் ரீங்காரம் நிற்கவில்லையென்றால் குற்றவாளி இந்த வில்லாகவே இருக்கும். லக்கைக் கழற்றி வில்லினுள் சிறிது கம்பளித் துணியையோ பஞ்சையோ திணித்தால் ஓசை அடங்கும். செலவு ஏதுமில்லை.

லக் உடைந்திருந்தால்

பழைய லக்குகளிற் பல துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டவை. அக்கலவையில் ஈயம் முதலிய மாசு கலந்திருந்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல அது உள்ளுக்குள் விரிந்து, வெடித்து, பிஸ்கட்டைப்போல் உதிரும். இதற்கு மருந்தில்லை. வெறும் விரிசலாயினும் பற்றவைக்க முயல வேண்டாம். இக்கலவை ஏறத்தாழ 380 பாகை சென்டிகிரேடிலேயே உருகிவிடும். பித்தளையைப் பற்றவைக்கும் தீயைக் காட்டிய மறுகணம் லக் துளியாய்ச் சொட்டும்.

அந்த லக்கையே அச்சாக வைத்து மணலில் புதிதாக வார்த்தால் என்ன என்று கேட்கலாம். வார்க்கலாம், ஆனால் உலோகம் ஆறும்போது சுருங்கும். பித்தளை நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு சுருங்குவதால், துவாரங்களின் தூரம் குறைந்து பழைய இடத்தில் பொருந்தாது. அச்சின்மேல் மெழுகு பூசிப் பருமனாக்கிய பின்பே வார்த்தல் வேண்டும். நம் கருத்து என்னவெனில், வார்ப்பு லக் ஒன்று மட்டும் குறைந்தால் தேடி வாங்குவதே மேல். 1920களின் முரசுகளில் காணப்படும் குழாய் வடிவ லக்கோ வேறு வகை. அது வெறும் பித்தளைக் குழாயும் அதைத் தாங்கும் தூணுமே. நல்ல கடைசல்காரர் ஒருவர் ஒரு பிற்பகலில் செய்துவிடுவார்.

கம்பியை இழுக்கும் பொறி

அடிக்கம்பியைத் தோலோடு சேர்க்கவும் விலக்கவும் உதவும் பொறியே முரசில் அதிகம் உழைப்பது. முதலில் முறிவதும் அதுவே. நாடாவைக் கவ்விப் பிடிக்கும் சிறு தகடு தொலைந்திருந்தால், ஒன்றரை மி.மீ. பித்தளைத் தகட்டில் இரண்டு துளையிட்டுச் செய்துகொள்ளலாம். நெம்புகோலின் அச்சுத் துவாரம் தேய்ந்து ஆட்டங்கண்டிருந்தால், துவாரத்தைப் பெரிதாக்கி ஒரு பித்தளைப் புஷ் இறக்கலாம்.

பொறி முழுவதும் போய்விட்டதென்றால் புதிய பொறி வாங்க வேண்டும். லட்விக் நிறுவனத்தின் பி-85 போன்ற எளிய பொறிகள் இதற்கு ஏற்றவை. ஆனால் புதிய பொறியின் துவாரங்கள் பழைய துவாரங்களோடு ஒத்துவரா எனின் என்ன செய்வது? உடனே துளைக்கருவியை எடுத்து உடலில் புதுத் துவாரம் போடுவார் பலர். ஒருபோதும் வேண்டாம். துளையிட்ட உடல் தன் மதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடும். அத்துளையை அடைத்தாலும் வடு மறையாது.

அதற்குப் பதிலாக ஓர் இணைப்புத் தகடு செய்ய வேண்டும். பித்தளைத் தகட்டை உடலின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, பழைய துவாரங்களுக்கு நேரே இரண்டு துளைகளும், புதிய பொறிக்கு வேறு இரண்டு மரைத் துளைகளும் இட வேண்டும். தகட்டின் பருமன் அளவுக்குப் பொறி வெளியே தள்ளி நிற்குமல்லவா? மறுபுறத்தில் கம்பியின் முனையைப் பிடிக்கும் தகட்டின் கீழும் அதே பருமனுள்ள துண்டு ஒன்றை வைத்தால் இருபுறமும் சமமாகும். இதனைச் செய்யாவிடின் நாடா ஒருபுறம் மட்டும் சாய்வாக இழுபட்டு, கம்பிகள் தோலில் சீராகப் படியமாட்டா.

கம்பியும் தோலும்

பதினான்கு அங்குல முரசுக்கு இருபது சுருள்கள் கொண்ட கம்பித் தொகுதி வழக்கமானது. கம்பியைப் பட்டறையில் சுற்ற முயல்வதைவிட வாங்குதலே நன்று. ஒரு சுருள் நீண்டாலும் மற்றவை தளர்ந்து கிடக்கும். வாங்குமுன் உடலின் அடிவிளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். எதிரெதிராக இரண்டு இடங்களில் விளிம்பு சற்றுத் தாழ்ந்திருக்கும். கம்பித் தொகுதியின் அகலம் அந்தத் தாழ்வுக்குள் அடங்க வேண்டும். அகலமான கம்பியைக் குறுகிய தாழ்வில் போட்டால் ஓரச் சுருள்கள் விளிம்பில் ஏறி, என்ன முறுக்கினாலும் ஓசை அடங்காது.

கம்பியைப் பொறியோடு பிணைக்கும் நாடாவுக்குக் கடை தேட வேண்டியதில்லை. கிழிந்த பிளாஸ்டிக் தோலிலிருந்து விரற்கடை அகலத்தில் இரண்டு துண்டுகளை வெட்டிக்கொண்டால் நெடுநாள் உழைக்கும். நூல் கயிற்றைப்போல் நீளாது.

1950களின் பிற்பகுதி வரை முரசுகளில் கன்றுத்தோலே போர்த்தப்பட்டது. 1956, 1957ஆம் ஆண்டுகளில் சிக் எவன்ஸ், ரெமோ பெல்லி என்னும் அமெரிக்கர்கள் பிளாஸ்டிக் தோலை விற்பனைக்குக் கொணர்ந்த பின் அது அருகிற்று. மழையும் புழுக்கமும் மிகுந்த நம் நாட்டில் கன்றுத்தோல் காலையில் இறுகியும் மாலையில் தொய்ந்தும் பாடுபடுத்தும்; ஆகவே பிளாஸ்டிக் தோலை நாம் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். ஆனால் மேல்தோலும் அடித்தோலும் ஒன்றல்ல. மேல்தோலின் பருமன் ஏறக்குறைய 0.25 மி.மீ.; அடித்தோலின் பருமன் 0.075 மி.மீ. அளவே. கண்ணாடித்தாள்போல் மெல்லியதாக இருப்பதனாலன்றோ அது கம்பியைத் துள்ளவைக்கிறது? கிழிந்த அடித்தோலுக்கு மேல்தோலைப் போட்டுவிட்டு, "கம்பி கெட்டுப்போயிற்று, பொறி கெட்டுப்போயிற்று" என்று பணத்தைச் செலவழித்தவர்கள் உண்டு. முரசு மந்தமாக ஒலித்தால் முதலில் அடித்தோலைத் தொட்டுப் பாருங்கள்.

முலாமும் உலோகமும்

உடல் எந்த உலோகமென்று காந்தத்தால் ஓரளவு அறியலாம். எஃகு காந்தத்தைப் பற்றி இழுக்கும். பித்தளையும் அலுமினியமும் இழுக்கமாட்டா. பித்தளைமேல் நிக்கல் பூச்சு தடிப்பாக இருந்தால் மட்டும் சிறு ஈர்ப்புத் தெரியும். நிக்கல் பழுத்து மஞ்சள் படரும். குரோமியம் நீலச்சாயலோடு பளபளக்கும். எட்டு லக்குகளில் ஒன்று மட்டும் புத்தம் புதுக் குரோமியமாக மின்னினால் அழகாயிராது. நிக்கல் முரசுக்கு நிக்கல் உறுப்பே தேட வேண்டும். கிடைக்காவிடின், பித்தளையில் செய்த உறுப்பை முலாமின்றியே விட்டுவிடலாம். அது நாளடைவில் நிறம் மங்கி மற்றவற்றோடு ஒத்துவிடும்.

1960களின் லட்விக் சுப்ராஃபானிக் முரசு அலுமினியத்தின்மேல் குரோமியம் பூசியது. அதில் அம்மைத் தழும்புபோல் புள்ளிகள் விழுவது இயல்பு. அதைப் போக்க உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர் பூச்சையே உரித்துவிடுவார். ஈரத் துணியால் துடைத்து உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்க. நாதத்துக்கு யாதொரு குறையும் வாராது.

துருவேறி அசையாத ஆணியைப் பலவந்தமாகத் திருகலாகாது. மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு மறுநாள் முயலலாம். உடல் மரமாயின் லக்கைக் கழற்றி வெளியே வைத்து ஊறவிட வேண்டும். முறிந்த பழைய உறுப்பை எறிந்துவிடாமல், பெயரெழுதிய உறையிலிட்டு வைப்பது நன்று. நாளை வேறொருவர் அதேபோன்ற ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தால் அதுவே அவருக்கு மாதிரி.

வைக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்தில் பூட்டுள்ள பெரிய அறை என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது பால் ஸ்டோர்தான். ஆனால் பித்தளை முரசுக்கு அதைவிடக் கேடான இடம் வேறில்லை. பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் ஆவி உலோகத்தை அரிக்கும். பாலை உறையாமல் காக்கச் சேர்க்கும் அமோனியாவோ பித்தளையின் தனிப்பகை. முற்காலத்தில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையினரின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் காரணமின்றி வெடித்துப் பிளந்தன. அவை குதிரை லாயங்களுக்கு அருகே வைக்கப்பட்டிருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே காரணம் என்று 1921இல் ஆய்வாளர்கள் விளக்கினர். அழுத்தி வளைத்து உருவாக்கிய பித்தளையில் உள்ளழுத்தம் தங்கியிருக்கும். அமோனியாவும் ஈரமும் சேர்ந்தால் அந்த இடத்தில் விரிசல் ஓடும். முரசின் உடலும் அவ்வாறு உருவாக்கப்பட்டதே. கெட்டி ரப்பரைச் சுற்றி வைப்பதும் வேண்டாம். அதில் சேர்ந்துள்ள கந்தகம் பித்தளையைக் கறுக்கச் செய்யும். பருத்தித் துணியில் சுற்றி, அடிக்கம்பியைத் தளர்த்தி, காற்றோட்டமுள்ள பள்ளி அறையின் மேல்தட்டில் வைத்தால் போதும்.